உசிரு பிடி

முதல் ஆஸ்பத்திரியில் ஏசி அதிகம்.
துப்பட்டாவைக் காது வரை இழுத்துக்கொண்டேன்.
கண்ணாடி மேசைக்குப் பின்னாலிருந்த பையன்
லேமினேட் செய்த அட்டை ஒன்றை
ஓட்டல் மெனு போல என் பக்கம் திருப்பினான்.
நார்மல் இவ்வளவு. சிசேரியன் இவ்வளவு.
முதுகில் போடும் ஊசி தனி.
டீலக்ஸ் ரூம் எடுத்தால் கேக் இலவசம்,
கலர் மட்டும் பிறந்த பிறகு சொன்னால் போதும்.

"நூறு பேர் வந்தால் எத்தனை பேருக்குக் கத்தி?"
நெல்சன் என் முழங்கையைத் தொட்டான்.
பையன் மறுபடியும் கேக்கைக் காட்டினான்.

அன்று இரவு பதினொன்றரைக்கு
மாடிவீட்டு ஆட்டோவில் ஒத்திகை போனோம்.
லிங்கராஜபுரத்திலிருந்து அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு
இருபத்தாறு ஹம்ப்.
நான் விரல்விட்டு எண்ண எண்ண
உள்ளேயிருந்தும் ஒரு கால் எண்ணியது.
மறுநாள் மாலை ஆறு மணிக்கு எண்ணவே முடியவில்லை.
மேம்பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம்,
எங்களுக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸும்
கத்திக் கத்தி ஓய்ந்துபோய் நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்று,
கம்மனஹள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால்
மருந்துக்கடைக்கும் லேத் பட்டறைக்கும் நடுவில்.
ஏழு ஹம்ப்.
மின்விசிறி தலையாட்டிக்கொண்டே சுற்றியது.
டாக்டர் அனுபமா என் பழைய ஃபைலைக்
கடைசித் தாளிலிருந்து படித்தார்.
போன வருடம், தவக்காலம், பதினோரு வாரம்.
பரவாயில்லை என்று சொல்லவில்லை.
வயசிருக்கு என்றும் சொல்லவில்லை.
"அன்னைக்குக் கூட யார் இருந்தாங்க?" என்றார்.
வாடகைக் கார் டிரைவர், என்றேன்.
நெல்சன் தரையில் எதையோ தேடினான்.

கத்திக் கேள்வியை அவரிடமும் கேட்டேன்.
"போன மாசம் நாப்பத்தொண்ணுல பதினாலு.
ஒவ்வொண்ணும் ஏன்னு சொல்லட்டுமா?"
சொன்னார்.
ஒன்பதாவதில் வெளியே வரிசை முணுமுணுத்தது.
அங்கேயே பெயர் எழுதிவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை மொட்டைமாடி ஷெட்டில் வகுப்பு.
ஏழு பாய், ஏழு வயிறு,
எங்கே கை வைப்பதென்று தெரியாத ஏழு ஆண்கள்.
சிஸ்டர் நாகரத்னா கையைத் தட்டித் தட்டிச் சொல்வார்:
உசிரு பிடி, உசிரு பிடி.
பாதிக் கன்னடம் புரியாமல்
ஆபீஸ் டைரியில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் நெல்சன் அதைப் பார்த்து வாசிப்பான்,
செல்போனில் நொடிகள் ஓட.
"உசிரைப் பிடி. விடாதே. இன்னும் பிடி."
நானும் பிடித்தேன்.
பல்லைக் கடித்து, கட்டில் சட்டத்தைப் பற்றி,
முகம் சிவந்து, காது அடைத்து, பிடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை என்னைப் பார்த்து
நாகரத்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
பிடிக்கிறதுக்கு நாங்க ஹிடின்னு சொல்வோம்.
இது பீடிக்கு வர்ற பி, தாயி.
விடு. விட்டுரு.

நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பி.
ஒரு வாரமாக
விட வேண்டிய மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஒரு வாரம் என்பது குறைத்துச் சொல்வது.
பாயில் படுத்து முதல் தடவை விட்டபோது
வாயிலிருந்து வந்த சத்தம்
பிரஷர் குக்கரின் சத்தம் போல அசிங்கமாக இருந்தது.
பக்கத்துப் பாய்க்காரி தஸ்லீம் திரும்பிப் பார்த்தாள்,
பிறகு அவளும் அதே மாதிரி விட்டாள்.

முப்பத்தாறு வாரம் முடிந்தது.
கதவோரம் பை நிற்கிறது:
பழைய வேட்டித் துண்டுகள், நைட்டி, சார்ஜர்,
பேரீச்சம்பழம், அந்த டைரி.
அவனுக்கு ஐந்து நாள்தான் லீவு,
பாக்கியை நைட் ஷிப்டாக மாற்றி வாங்கியிருக்கிறான்.
டைரியில் அந்தப் 'பி'க்கு மேல்
பேனாவால் ஒரு பீடி வரைந்திருக்கிறான்,
நுனியில் புகையோடு.
வலி வரும் நேரத்தில் குழம்பிவிடக்கூடாதாம்.

தொட்டில் வாங்கவில்லை. சொட்டர் வாங்கவில்லை.
நேற்று மட்டும், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில்,
ஒரு ஜோடி சாக்ஸ்.
என் கட்டைவிரல் நுழைந்தது.
விலைச்சீட்டை இன்னும் பிய்க்கவில்லை.